கருவை இலைச் சாறு: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

கேள்வி: சீமைக் கருவை இலையை எத்தனாலில் ஊறவைத்து எடுத்த சாறு, ஸ்டெஃபைலோகாக்கஸ் பாக்டீரியா வளர்த்த தட்டில் பெரிய வளையம் (கிருமி வளராத வட்டம்) காட்டுகிறது. ஈ.கோலை தட்டில் ஒன்றுமே இல்லை. எங்கே தவறு?
– நுண்ணுயிரியல் மாணவி, பரமக்குடி

பதில்: ஈ.கோலை தட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். அது கிராம்-நெகட்டிவ் வகை பாக்டீரியா. செல்சுவருக்கு மேலே இன்னொரு சவ்வு போர்த்தியிருப்பதால் பல தாவரப் பொருள்கள் உள்ளே நுழைவதில்லை. கருவை இலையின் வீரியத்தில் பெரும்பங்கு ஜூலிஃப்ளோரின் போன்ற பைப்பெரிடின் ஆல்கலாய்டுகளுடையது (தாவரத்தில் உள்ள, நைட்ரஜன் கொண்ட வேதிப்பொருள்கள்). ஸ்டெஃபைலோகாக்கஸ் போல அந்த மேல்சவ்வு இல்லாத கிராம்-பாசிட்டிவ் கிருமிகளிடம்தான் அவற்றின் கை ஓங்கும்.

எங்களுக்குச் சந்தேகம் அந்தப் பெரிய வளையத்தின் மேல்தான். சாற்றைக் கரைத்த டிஎம்எஸ்ஓ கரைப்பானை மட்டும், அதே 50 மைக்ரோலிட்டர், தனிக் குழியில் விட்டுப் பார்த்தீர்களா? அதற்கே வளையம் வந்தால் உங்கள் அளவில் கரைப்பானும் கலந்திருக்கிறது. அகார் (கிருமி வளரும் கூழ்) மெல்லியதாக இருந்தாலும் வளையம் பெருத்துவிடும். 90 மி.மீ. தட்டில் சுமார் 25 மி.லி. மியூலர்-ஹின்டன் அகார் ஊற்றினால் 4 மி.மீ. கனம் கிடைக்கும். கிருமிக் கரைசலின் கலங்கல் 0.5 மெக்ஃபார்லண்டு என்ற ஒப்பீட்டுக் கலங்கல் அளவுக்குச் சரியாக இருக்கட்டும். நீர்த்துப்போனாலும் வளையம் பெரிதாகும்.

இலையிலும் கவனம் வேண்டும். மண்டபம், தொண்டி பக்கம் பறித்ததென்றால் உப்புக்காற்று படிந்திருக்கும். இரண்டு மூன்று தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்துங்கள். நாட்டுக் கருவேல் இலை கலந்துவிட்டால் முடிவே மாறிவிடும். அதன் பூ மஞ்சள் உருண்டை, காய் மணி கோத்தது போல இடுக்கு விழுந்திருக்கும். சீமைக் கருவையின் பூ நீளக் கதிர். 50 கிராம் பொடிக்கு 500 மி.லி. 80% எத்தனால், மூன்று நாள் ஊறல், இடையிடையே குலுக்கல், வடிகட்டி 40 டிகிரிக்கு மேல் போகாமல் ஆவியாக்கல் போதும்.

ஆல்கலாய்டு இருக்கிறதா என்று பார்க்க, சாற்றை நீர்த்த அமிலத்தில் கரைத்து வடிகட்டிய பிறகே டிராகன்டார்ஃப் வினைப்பொருளைச் சொட்டுங்கள். ஆரஞ்சு வீழ்படிவு வரும். ஃபெரிக் குளோரைடில் கருநீலமோ கரும்பச்சையோ தெரிந்தால் டானினும் (தாவரத் துவர்ப்புப் பொருள்) உண்டு. டானின் புரதங்களோடு ஒட்டிக்கொண்டு கிருமியை அடக்கும்; வளையத்தில் அதன் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்காமல் 'ஆல்கலாய்டின் வேலை' என்று ஆய்வேட்டில் எழுதாதீர்கள்.

வளைய அளவை வைத்து இரண்டு சாறுகளை ஒப்பிடுவதும் சரியல்ல. அகாரில் எளிதில் பரவாத பொருளுக்குச் சின்ன வளையமே விழும். கிருமி வளர்ச்சியை நிறுத்தும் மிகக் குறைந்த செறிவை, அதாவது குறைந்தபட்சத் தடுப்புச் செறிவை, குழித்தட்டில் (சிறு குழிகள் கொண்ட தட்டு) கண்டுபிடியுங்கள். சாறு பழுப்பு நிறம் என்பதால் கலங்கலைக் கண்ணால் கணிக்க முடியாது; ரெசாசூரின் என்ற சாயத்தைச் சேர்த்தால் கிருமி உயிரோடுள்ள குழி நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாகும். சாறு மட்டும் உள்ள குழி ஒன்றும் வையுங்கள், சில சாறுகள் கிருமி இல்லாமலே நிறத்தை மாற்றிவிடும்.

கேள்வி: அப்படியானால் ஆட்டுப் புண்ணுக்கு இந்த இலையை அரைத்துப் பூசலாமா?
– ஆடு வளர்ப்பவர், முதுகுளத்தூர்

பதில்: பூசாதீர்கள். கிருமியைத் தாக்கும் அதே ஆல்கலாய்டுகள் நரம்பையும் தாக்கும். கருவை நெற்றையே நெடுநாள் முக்கியத் தீனியாகத் தின்ற ஆடுமாடுகளுக்குத் தாடைத் தசை செயலிழந்து, அசைபோட முடியாமல் போவது இதனால்தான். புண்ணைச் சுத்தமான தண்ணீரில் கழுவி பொவிடோன் அயோடின் போடுங்கள். புழு வைத்திருந்தால் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.