செயல் இயக்குநர் பதவிக்கு விண்ணப்பிக்கலாமா?

கேள்வி: அரசுத் தொழில்நுட்ப மையம் ஒன்றில் பல வருடங்களாக மென்பொருள் பொறியாளராக இருக்கிறேன். செயல் இயக்குநர் பதவிக்கு விண்ணப்பிக்கச் சொல்கிறார்கள். இப்போது இருப்பவர் நாள் முழுக்கக் கோப்புகளில் கையெழுத்துப் போடுவதைத்தான் பார்க்கிறேன். பிடித்த வேலையை விட்டுவிட்டு அங்கே போய் உட்கார வேண்டுமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை

பதில்: விண்ணப்பியுங்கள் சகோதரி. ஆனால் அந்தக் கையெழுத்து எதற்கு என்று தெரிந்துகொண்டு போங்கள்.

உங்களிடம் ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் பிள்ளைகளின் சம்பளம் பெரும்பாலும் திட்ட நிதியிலிருந்துதான் வரும். அது தவணை தவணையாக வருவது. போன தவணைப் பணத்தை உரிய வேலைக்குத்தான் செலவழித்தோம் என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் போகாவிட்டால் அடுத்தது நின்றுவிடும். அப்புறம் டெண்டர். சர்வர் வாங்கும் டெண்டரில் தொழில்நுட்பத் தேவையை ஒரு வரி தளர்வாக எழுதினால் போதும், வேலைக்கு உதவாத மலிவுச் சரக்கு வந்து இறங்கும். பிற்பாடு தணிக்கையில் கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் செயல் இயக்குநர். அந்த ஒரு வரியைப் பிடிக்க உங்களைப் போன்றவரின் கண் வேண்டும். விஷயம் தெரியாதவர் அங்கே உட்கார்ந்தால் அவதிப்படுவது பொறியாளர்கள்தான்.

கையெழுத்தைத் தாண்டியும் வேலை உண்டு. ஓர் உதாரணம்: சூப்பர் கம்ப்யூட்டர் தர அமெரிக்கா மறுத்த காலத்தில், 1988இல், புனேயில் மத்திய அரசின் கணினி ஆராய்ச்சி மையமான சி-டாக் தொடங்கப்பட்டது. கணினி விஞ்ஞானி விஜய் பட்கர் அப்போது அதன் செயல் இயக்குநர். மூன்று வருடத்தில் நாமே செய்துகாட்ட வேண்டும் என்பது இலக்கு. டிரான்ஸ்பியூட்டர் என்ற சிறு சிப்புகளைப் பல இணைத்து, ஒரே நேரத்தில் ஓட வைக்கும் வழியைப் பிடித்துக்கொண்டார்கள். 1991இல் பரம் 8000 என்ற சூப்பர் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. எந்த வழி என்று முடிவு செய்வதும், வேலை முடியும்வரை குழுவை வேறு பக்கம் இழுக்க விடாமல் காப்பதும்தான் இந்தப் பதவியின் பெரிய வேலை என்று நான் நினைக்கிறேன்.

ஏனென்றால் இழுக்க ஆள் நிறைய உண்டு. ஒரு துறை போர்ட்டல் கேட்கும், இன்னொன்று ஆப் கேட்கும். எல்லாமே பணம் வரும் வேலைகள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினால் ஆராய்ச்சிக்கு ஆள் மிஞ்சாது. மேலே போய் "இது எங்களால் இப்போது முடியாது" என்று சொல்லும் தெம்பு இருக்கிறதா என்று மட்டும் யோசித்துப் பாருங்கள்.

புரோகிராம் எழுத இனி நேரம் கிடைக்காது. அது நிஜமான இழப்புதான், மறைக்க மாட்டேன். நேர்காணலில் பத்துத் திட்டங்களை அடுக்காமல், உங்கள் பதவிக்காலத்துக்குள் முடிக்கக்கூடிய ஒன்றைச் சொல்லுங்கள். அதற்கு முன் கணக்குப் பிரிவில் கேட்டு, கடந்த சில வருடத் தணிக்கைக் குறிப்புகளைப் படித்துவிடுங்கள். பணம் எங்கே சிக்குகிறது என்பது அதில் தெரியும்.