எலும்பு நிறைந்தால் போதுமா?

வணக்கம் டொக்டர்,

எனக்குக் கல்முனை. பேராதனையில் பல் மருத்துவம் படிக்கிறேன். முரசு (ஈறு) நோயில் கரைந்த எலும்பைத் திரும்ப வளர்க்க ஒரு பொருளைச் சோதிக்கும் ஆய்வுக்கு முன்மொழிவு எழுதுகிறேன். எலியின் முன்பல் ஓரம் துளையிட்டு, அந்தப் பொருளை நிரப்பி, 8 வாரம் கழித்து மைக்ரோ சீ.ரீ. ஸ்கேன் எடுக்கலாம் என்று யோசனை. சரிவருமா? நாய்தான் வேணும் என்கிறார்கள் சிலர்.

வாசகர், கல்முனை

அன்புள்ள தம்பி,

முன்பல்லை விட்டுவிடுங்கள். எலிக்கு அது ஆயுள் முழுக்க வளரும் பல். அதைப் பிடித்திருக்கும் நார்களும் ஓயாமல் மாறிக்கொண்டிருக்கும். கடைவாய்ப்பல்லுக்குப் போங்கள்.

அங்கேயும் எதைப் பார்க்கப்போகிறீர்கள் என்பதை முதலில் முடிவெடுங்கள். நோய் எலும்பை எப்படிக் கரைக்கிறது என்பதுதான் கேள்வியென்றால், மேல்தாடை இரண்டாம் கடைவாய்ப்பல்லைச் சுற்றி 5-0 அளவுப் பட்டுத் தையல் நூல் கட்டினால் போதும். 7 முதல் 14 நாளில் எலும்பு இறங்கியிருக்கும். நூல் கழன்று விழும், இடையிடையே வாயைத் திறந்து பாருங்கள். நூலை எடுத்ததும் எலும்பு ஓரளவு தானாகவே மீளும். அந்த மீட்சியை உங்கள் பொருளின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். வயது கூடக் கூட, நோயில்லாத எலிக்கும் எலும்பு விளிம்புக்கும் பல் கழுத்துக்கும் இடையிலான தூரம் கூடும். எல்லா எலியும் ஒரே வயதாக இருக்கட்டும்.

மீளுருவாக்கம்தான் கேள்வியென்றால், கீழ்த்தாடை முதற் கடைவாய்ப்பல்லின் கன்னப் பக்கத்து எலும்பில் சன்னல்போல வெட்டுங்கள். ஏறத்தாழ 3 க்கு 2 மி.மீ. போதும், மேல் விளிம்பு எலும்பைத் தொடாமல். உப்புநீர் விட்டுக்கொண்டே வெட்டுங்கள், சூடேறினால் எலும்பு செத்துவிடும். வேரின் மேலுள்ள சீமெந்துப் படையை (பல்லைப் பிடிக்கும் நார்கள் செருகியிருக்கும் கடினமான படை) சுரண்டி எடுத்தே ஆகவேண்டும். பழைய படை மிஞ்சினால் அதையே புதிதென்று எண்ணிப் பின்னால் மகிழ்ந்துகொண்டிருப்பீர்கள்.

இந்தச் சன்னலுக்கு ஒரு குறை: மூடிய காயம், வாய்க்குழியோடு தொடர்பில்லை. முரசின் மேற்தோல் வேர்வழி கீழே இறங்கி வேலையைக் கெடுப்பதுதான் மனித வாயில் பெரிய தலையிடி. அதை இங்கே பார்க்க முடியாது. நாய் தேவைப்படுவது அதற்குத்தான். பீகிள் நாயின் முன்கடைவாய்ப்பல்லில் ஒரு எலும்புச் சுவர் மட்டும் விட்டு, 4 மி.மீ. அகலம், 5 மி.மீ. ஆழத்தில் பெட்டிபோல் வெட்டுவது வழக்கம். அடியில் வேரில் ஒரு கீறல் போடாவிட்டால், பிறகு எங்கிருந்து அளப்பது? மூன்று சுவரும் இருந்தால் எதுவும் வைக்காமலே ஆறிவிடும். ஆகவே வெறுங்காயக் குழு (எதுவும் நிரப்பாமல் விட்டு ஒப்பிடும் குழு) இல்லாத ஆய்வை நான் படிப்பதேயில்லை. ஒரே விலங்கில் நாலு காயம் இருந்தாலும் அது நாலு விலங்கு ஆகாது.

ஸ்கேன் மட்டும் போதாது. நடுவில் நார் இல்லாமல் வேரோடு எலும்பு நேரே ஒட்டிப்போயிருந்தால், அது தோல்வி. படத்தில் நன்றாக நிறைந்ததுபோலவே தெரியும். நிரப்பிய துகளும் எலும்புபோல வெள்ளையாகத்தான் விழும். புதுச் சீமெந்து, அதில் செருகிய நார் இரண்டையும் காட்டுவது நுணுக்குக்காட்டியில் பார்க்கும் மெல்லிய திசுச்சீவல் மட்டும்தான். சீவுமுன் எலும்பின் சுண்ணம் நீக்க 10% ஈ.டி.ரீ.ஏ. கரைசல், பி.எச். 7.4, எலித் தாடைக்குச் சில வாரம். அவசரத்தில் நைத்திரிக் அமிலம் விட்டால் சாயம் சரியாகப் பிடிக்காது.

விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது சந்தையில் ஓர் ஆட்டுத் தலை வாங்கி, முரசை விரிக்கவும் தைக்கவும் பழகுங்கள். மேல்முன்பல்லைத் தேடாதீர்கள், ஆட்டுக்குக் கிடையாது.