வடிவமைப்பு மாணவர்கள் கேட்டவை: தாக்கம், திறன், எதிர்காலம்

கேள்வி (வெள்ளவத்தை, முதலாம் ஆண்டு மாணவி): நேர்முகத் தேர்வுகளில் "உங்கள் படைப்பில் யாருடைய தாக்கம் உண்டு?" என்று கேட்கிறார்கள். இணையத்தில் பார்த்த வெளிநாட்டவர்களின் பெயர்கள் மட்டுமே நினைவுக்கு வருகின்றன. என்ன சொல்வது?

பதில்: அந்தப் பெயர்களைச் சொல்வதில் தவறில்லை. அவர்களிடமிருந்து எதை எடுத்துக்கொண்டீர்கள் என்பதை உங்கள் வரைவுகளில் காட்ட முடிய வேண்டும், அவ்வளவுதான். ஆனால் கொழும்பில் இருந்துகொண்டு கொழும்பைப் பாராமல் இருப்பது பெரிய இழப்பு. 1877இல் இங்கே பிறந்த ஆனந்த குமாரசுவாமி, புவிச்சரிதவியல் படித்தவராக இருந்தும், கைவினைஞர்களின் கருவிகளையும் செய்முறைகளையும் நேரில் பார்த்து, இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய நூலை 1908இல் வெளியிட்டார். துணி வடிவமைப்பாளர் பார்பரா சன்சோனி கைத்தறித் துணியில் நிறங்களை அடுக்கிய முறையும் ஊன்றிப் படிக்க வேண்டிய ஒன்று. அவருடைய கோடிட்ட துணி ஒன்றைப் பார்த்து, நிறங்களின் வரிசையையும் ஒவ்வொரு கோட்டின் அகலத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு மெல்லிய கோட்டை மட்டும் நீக்கி மீண்டும் வரைந்து, பக்கத்து நிறங்கள் எப்படி மாறித் தெரிகின்றன என்று பாருங்கள். தாக்கம் என்பதற்கு நேர்முகத் தேர்வில் அந்த இரண்டு தாள்களையே காட்டலாம்.

கேள்வி (கொட்டாஞ்சேனை): தமிழ் எழுத்துருவாக்கத்தில் ஈடுபட விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: இந்தக் கேள்வி எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது, ஏனெனில் மும்மொழிப் பலகைகள் நிறைந்த இந்நகரில் தமிழ் வரியை அக்கறையோடு அமைக்கத் தெரிந்தவர்கள் இன்னும் பலர் தேவை. புறக்கோட்டைக்குச் சென்று பெயர்ப்பலகைகளைப் பாருங்கள். ஆங்கிலத்துக்குப் பொருந்திய வரி இடைவெளியைத் தமிழுக்கும் அப்படியே வைத்தால், மேல்வரியில் உள்ள 'ழு'வின் கீழ்ப்பகுதி கீழ்வரியில் உள்ள 'கீ'யின் மேல்வளைவில் போய் முட்டும். தமிழ்ச் சொற்கள் நீளமாகவும் இருப்பதால், இடம் போதாதபோது எழுத்தை இருபுறமும் நெருக்கிவிடுகிறார்கள். அப்போது 'ண', 'ன' போன்றவற்றின் சுழிகள் அடைபட்டுத் தூரத்திலிருந்து வாசிக்க முடியாமல் போகின்றன. ஆகவே முதலில் தட்டை முனைப் பேனாவால் அ, ண, ழ ஆகிய மூன்றையும் கட்டத்தாளில் பெரிதாக எழுதி, கோடு எங்கே தடிக்கிறது, எங்கே மெலிகிறது என்று கவனியுங்கள். பிறகு பிரியா ரவிச்சந்திரன் உருவாக்கிய, இலவசமாகக் கிடைக்கும் கட்டமரன் (Catamaran) எழுத்துருவில் அதே எழுத்துகளை அச்சிட்டு, உங்களுடையவற்றோடு ஒப்பிடுங்கள்.

கேள்வி (தெகிவளை): எந்த மென்பொருளை முதலில் கற்க வேண்டும்?

பதில்: இலஸ்ட்ரேட்டர், பிக்மா இரண்டில் எது கைக்கு எட்டுகிறதோ அது. மென்பொருள்கள் மாறிக்கொண்டே இருக்கும். வரையும் பழக்கம் எதற்கும் உதவும்.

கேள்வி (மட்டக்குளி): உயர்தரத்தில் வணிகம் படித்து, இப்போது கணக்கு வேலையில் இருக்கிறேன். வடிவமைப்புக்கு வரக் காலம் கடந்துவிட்டதா?

பதில்: இல்லை. ஜெஃப்ரி பாவா முதலில் வழக்கறிஞர். 1957இல் கட்டடக் கலைஞராகத் தகுதி பெற்றபோது அவருக்கு வயது 38. அவருக்கு இருந்த வசதி எல்லோருக்கும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும், எனவே வேலையை உடனே விட்டுவிடாதீர்கள். உங்கள் அலுவலகத்தில் தினமும் கையாளும் ஒரு பற்றுச்சீட்டையே எடுத்து, தமிழிலும் சிங்களத்திலும் எளிதாக வாசிக்கும்படி மாற்றியமையுங்கள். பழைய படிவம், அதை நிரப்புபவர்கள் தடுமாறும் இடங்கள், நீங்கள் கைவிட்ட வரைவுகள், இறுதி வடிவம் ஆகியவற்றை வரிசையாகத் தொகுத்தால், விண்ணப்பத்தோடு அனுப்பக்கூடிய முதல் படைப்பு உங்கள் கையில் இருக்கும்.