ஜன்னலை ஒட்டுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம், தம்பி

குளிர் நாட்டுக்குப் புதுசா வந்து மூணு கேள்வி கேட்டிருக்கீங்க: ஜன்னலுக்கு பிளாஸ்டிக் ஷீட் ஒட்டினா ஹீட்டர் பில் குறையுமா, எந்த ஜாக்கெட் வாங்கலாம், டிரைவிங் லைசென்ஸை எப்ப மாத்துறது. ஜாக்கெட் உங்க இஷ்டம். லைசென்ஸுக்குப் பதில் சொல்ல ஆயிரம் பேர் இருக்காங்க. ஜன்னலை மட்டும் நான் எடுத்துக்கிறேன், முதல் குளிர்லயே அதுகிட்ட அடி வாங்கினவன்.

ஷீட் ஒட்டலாம், ஒத்தைக் கண்ணாடின்னா நல்ல பலன் உண்டு. கண்ணாடிக்கும் ஷீட்டுக்கும் நடுவுல அசையாம நிக்கிற காத்துதான் போர்வை. ஆனா முதல்ல குளிர்காத்து எங்க நுழையுதுன்னு பாருங்க. காத்தடிக்கிற நாள்ல திரையை ஒதுக்கிட்டு, ஊதுபத்தியைக் கொளுத்தி சட்டத்தை ஒட்டி மெதுவா நகர்த்துங்க. நேரா போற புகை ஒரு இடத்துல சட்டுனு வளையும். எனக்கு இப்பல்லாம் புறங்கையை ஈரம் பண்ணிக் காட்டினாலே போதும், தெரிஞ்சிடும்.

திறந்து மூடுற இடத்துல இடுக்குன்னா ஃபோம் டேப். அசையாத சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவுல விரிசல்னா சிலிக்கோன் பசை. இதை மாத்திப் போட்டுட்டு, குளிர் விட்டதும் கத்தியால ஜன்னலைச் சுரண்டிக்கிட்டிருந்த ஒரு என்ஜினியரை எனக்குத் தெரியும். எல்லாத்துக்கும் முன்னாடி, ஜன்னலைச் சாத்தினதோட விடாம கைப்பிடியை முழுசாத் திருப்பிப் பூட்டுங்க. அப்பதான் ரப்பர் அழுந்தும். காசில்லாத வைத்தியம் இது.

இப்ப எச்சரிக்கை. பிளாஸ்டிக் சட்டத்துல வெளிப்பக்கம் அடியில சின்னச் சின்னத் துவாரம் இருக்கும். தண்ணி வடியுறதுக்கு வச்சது, அடைச்சிடாதீங்க. மேல காத்து வர்ற வென்ட்டையும் விட்டுடுங்க. வீட்டுக்குள்ள கேஸ்ல எரியுற ஹீட்டர் இருந்தா எந்தக் காத்துவழியையும் தொடவே கூடாது. அதுல வரக்கூடிய கார்பன் மோனாக்சைடு விஷ வாயு, வாசனையே கிடையாது.

நாங்க எல்லாத்தையும் அடைச்சோம். ஒரே அறையில நாலு பேர். பார்சல் ஒட்டுற பிரவுன் டேப்பை எடுத்து ஜன்னலைச் சுத்தி மூணு சுத்து. சமையல் உள்ள, ஈரத்துணி உள்ள, நாலு பேர் மூச்சும் உள்ள. ஒரே வாரத்துல கண்ணாடி வேர்த்துக் கொட்டுது. வெளியில இருந்துதான் தண்ணி வருதுன்னு நினைச்சு இன்னும் ரெண்டு சுத்து ஒட்டினோம்! குளிர் முடிஞ்சு அலமாரியை நகர்த்தினா பின்சுவர் முழுக்கக் கருப்பா பூஞ்சணம். டேப்பை உரிச்சா பெயிண்ட்டும் கூடவே வந்துச்சு. ஹீட்டர்ல மிச்சம் பிடிச்சதை விட வீட்டுக்காரர் அட்வான்ஸ்ல பிடிச்சது அதிகம்.

அதனால வாடகை வீடுன்னா கேட்டுட்டு ஒட்டுங்க. சட்டத்தைத் துடைச்சு, நல்லாக் காஞ்சதும் ரெட்டைப் பக்க டேப், அது மேல சூட்டுல சுருங்குற ஷீட், அப்புறம் ஹேர் டிரையர். சுருக்கமெல்லாம் போய் விறைப்பா நிக்கும். எடுக்குறப்பவும் அதே டிரையரால டேப்பைச் சூடாக்கி உரிங்க. ஒவ்வொரு அறையிலயும் ஒரு ஜன்னலை ஒட்டாம விட்டுடுங்க, திறக்கணும் இல்லையா? படுக்கையறையில ஆபத்துன்னா வெளியேறுற ஜன்னல்ல கையே வைக்காதீங்க. ரெட்டைக் கண்ணாடிக்கு நடுவுல ஆவி படிஞ்சிருந்தா சீல் போச்சுன்னு அர்த்தம், வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க.

நம்ம ஆளுங்க சிலர் ஹீட்டரை 26ல வச்சுட்டு, ஜன்னலை நாள் முழுக்க இடுக்காத் திறந்து வைப்பாங்க. கேட்டா காத்தோட்டமாம். பில் வந்ததும் இந்த நாட்டையே திட்டுவாங்க. தினம் ரெண்டு மூணு தடவை, ஹீட்டரைக் குறைச்சுட்டு, அஞ்சு பத்து நிமிஷம் அகலத் திறந்து மூடுங்க. ஈரக் காத்து போயிடும், சுவர்ல இருக்கிற சூடு போகாது. காத்துல இருக்கிற ஈரத்தைக் காட்டுற ஈரமானி ஒண்ணு வாங்கி வைங்க. எப்பவும் 60 சதவீதத்துக்கு மேலயே நின்னா உஷாராகணும். ராத்திரிக்குக் கனமான திரை நல்லது, ஆனா ஜன்னலுக்குக் கீழ சூடு தர்ற ரேடியேட்டர் இருந்தா, அதை மூடித் தொங்கவிடாதீங்க. சூடெல்லாம் திரைக்குப் பின்னாடி கண்ணாடிக்குத்தான் போகும்.

அந்த நாலு பேர்ல ஒருத்தன் இப்ப மூணு அடுக்குக் கண்ணாடி போட்ட சொந்த வீட்டுல இருக்கான். போன வாரம் போன்ல, "டேய், இதுலயும் வேர்க்குதுடா"ன்னு புலம்பினான். துணி எங்கடா காயுதுன்னு கேட்டேன். பேச்சை மாத்திட்டான்.