வீரனுக்கு வாளைக் கூட்டிக் கொடுத்தால் தீருமா?

கேள்வி: நண்பர்களுக்கு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பகடை உருட்டிக் கதாபாத்திரங்களாக ஆடும் மேசை விளையாட்டின் ஐந்தாம் பதிப்பை, 2014 விதிகளின்படி, நடத்துகிறேன். எல்லோரும் ஏழாம் லெவல். இரண்டு மந்திரவாதிகள் எந்தச் சண்டையையும் இரண்டே சுற்றில் முடித்துவிடுகிறார்கள். போர்வீரனாக ஆடுபவர், "நான் எதற்கு வருகிறேன்?" என்று கேட்கிறார். அவருக்கு +3 வாள் (தாக்கும் பகடைக்கும் சேதத்துக்கும் மூன்று கூட்டும் மந்திர வாள்) கொடுக்கலாமா, மந்திரங்களைக் குறைக்கலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். கதைக்குள் ஒரு நாளில் எத்தனை சண்டை வைக்கிறீர்கள்? ஒன்று, மிஞ்சினால் இரண்டு என்று ஊகிக்கிறேன். கோளாறு அங்கேதான் இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏழாம் லெவல் மந்திரவாதியிடம் மூன்றாம் நிலை ஸ்லாட் (ஒரு மந்திரம் போடும் வாய்ப்பு) மூன்று, நான்காம் நிலை ஒன்று. ஃபயர்பால் என்ற தீப்பந்து மந்திரத்துக்கு எட்டு அறுமுகப் பகடை, சராசரி 28 சேதம். இருபது அடி ஆரத்துக்குள் தப்பத் தவறிய எல்லோருக்கும் அதே அடி. உங்கள் வீரன் பெரிய வாளால் இரண்டு முறை வெட்டி, இரண்டும் பட்டால் சுமார் 24, அதுவும் ஒருவன் மேல். அன்றைக்கு ஒரே சண்டைதான் என்று தெரிந்தால் எந்த மந்திரவாதி கையைக் கட்டிக்கொண்டு நிற்பான்? இருப்பதையெல்லாம் கொட்டிவிட்டுத் தூங்கப் போவான்.

அந்தப் பதிப்பின் நடத்துநர் கையேடு ஒரு நாளுக்கு ஆறு முதல் எட்டு மோதல்களையும், நடுவே இரண்டு குறு ஓய்வுகளையும் மனதில் வைத்தே எழுதப்பட்டது. வீரனின் கூடுதல் செயலும் (தன் முறையில் இன்னொரு செயல்) இரண்டாம் மூச்சும் (இழந்த உயிரில் கொஞ்சம் மீட்பது) ஒரு மணி நேரக் குறு ஓய்வில் திரும்பிவிடும். மந்திரவாதிக்கு அந்த ஓய்வில் சில ஸ்லாட்டுகள் மீளும், அதுவும் நாளுக்கு ஒரு முறைதான். மற்றதற்கெல்லாம் எட்டு மணி நேர நெடு ஓய்வு வேண்டும்.

ஒரு மாலையில் எட்டு சண்டை நடத்த முடியாதுதான், எனக்கும் பொறுமை இல்லை. ஆனால் கதையின் ஒரு நாள் உங்கள் ஒரு மாலையில் முடிய வேண்டும் என்று யார் சொன்னது? சுரங்கத்தில் இறங்கிய அதே பகல் மூன்று வாரச் சந்திப்புகளுக்கு நீளட்டும். ஸ்லாட் எத்தனை மீதி என்று தாளில் குறித்துக்கொண்டு எழுந்து போகட்டும். நள்ளிரவுக்குள் பலி கொடுக்கப்படப் போகும் ஒரு கைதி உள்ளே இருந்தால், "படுத்து எழுந்து வருகிறோம்" என்ற பேச்சுக்கே இடமில்லை. நான்கைந்து மோதல் வந்தாலே போதும். மூன்றாவதிலேயே மந்திரவாதிகள் கஞ்சர்களாகிவிடுவார்கள், வீரன் முன்வரிசைக்கு வந்துவிடுவான்.

அடுத்து, பலரும் ஆட்ட வேகத்தில் மறந்துவிடும் விதி: மனக்குவிப்பு, அதாவது சில மந்திரங்கள் நீடிக்க, போட்டவன் கவனம் சிதறாமல் இருக்க வேண்டும். பறக்கும் மந்திரம் போட்டவன் மேல் அம்பு பட்டால் உடல்திடப் பகடை உருட்டியே ஆக வேண்டும். இலக்கு பத்து, அல்லது பட்ட சேதத்தில் பாதி, எது கூடுதலோ அது. தோற்றால் மந்திரம் கலையும், பறந்தவன் விழுவான். எதிரிப் பக்கம் இரண்டு வில்லாளிகளை நிறுத்தி மந்திரவாதியையே குறிவைக்கச் சொல்லுங்கள். பூட்டைத் திறக்கும் நாக் மந்திரத்தின் தட்டொலி முந்நூறு அடி வரை கேட்கும் என்பதையும் விட்டுவிடாதீர்கள். காவலர்கள் விழித்து ஓடி வரட்டும்.

இனி வாள் விஷயம். உங்கள் நண்பருக்குக் குறைவது சேதம் மட்டுமல்ல. பள்ளத்தைக் கடக்கவும் வேவு பார்க்கவும் மன்னனை வசப்படுத்தவும் மந்திரம் இருக்கும்போது, சண்டைக்கு வெளியே அவர் பகடையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். +3 வாள் இதை மாற்றாது. 1978இல் வந்த அட்வான்ஸ்டு பதிப்பில், ஒன்பதாம் லெவல் வீரன் கோட்டை கட்டினால் படைவீரர்கள் அவனைத் தேடி வந்து சேர்வார்கள். மந்திரவாதியோ ஒற்றை மந்திரத்தோடும் நான்முகப் பகடை ஒன்று தரும் உயிர்ப்புள்ளிகளோடும் தொடங்குவான். மந்திரம் சொல்லும்போது அடிபட்டால் அதுவும் போச்சு. பிற்காலப் பதிப்புகள் அந்தக் கடிவாளங்களைத் தளர்த்தின, ஆனால் வீரனுக்கு இருந்த படையையும் செல்வாக்கையும் ஈடுகட்டவில்லை. அவற்றை நீங்களே கொடுக்கலாம். நகரக் காவல்தலைவன் அவர் பழைய படைத் தோழனாக இருக்கட்டும். சரணடைய வரும் எதிரித் தளபதி, "உன்னிடம் மட்டும்தான் பேசுவேன்" என்று அவரைக் காட்டட்டும்.

விதியாகவே ஏதாவது வேண்டுமென்றால் விதிகள் திருத்தப்பட்ட 2024 கையேட்டிலிருந்து இரண்டைக் கடன் வாங்குங்கள். ஒன்று ஆயுதத் தேர்ச்சி: ஆயுதத்துக்கேற்ப எதிரியைப் பத்தடி தள்ளலாம், தரையில் சாய்க்கலாம். இன்னொன்று, வீரன் ஒரு திறன் சோதனையில் தோற்றால் இரண்டாம் மூச்சில் ஒன்றைச் செலவழித்துப் பத்துமுகப் பகடையைக் கூட்டிக்கொள்ளலாம். அப்படியும் தோற்றால் செலவு கணக்கில் வராது. கதவை உடைப்பது, பேரம் பேசுவது என எதற்கும் பயன்படும்.

பரிசு கொடுத்தே ஆக வேண்டும் என்றால், வாளுக்குப் பதில் சிறகுக் காலணியைக் கொடுங்கள். மனக்குவிப்பு இல்லாமலே பறக்கலாம், அம்பு பட்டாலும் கலையாது. மந்திரவாதிகள் அதன் மேல் கண் வைப்பார்கள். அளவு சரியாக இருக்காது என்று சொல்லிவிடுங்கள்.