ஒன்பதாவது இன்னிங்ஸில் எழுந்து போனவன்

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் போகிற போக்கில் வாஷிங்டன் நேஷனல்ஸ் அணியைப் பற்றி ஒரு வரி எழுதிவிட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு கடிதங்கள் வந்துவிட்டதால் இந்த இதழ் முழுக்க பேஸ்பால்தான். நான் நிபுணன் இல்லை. ஆர்லிங்டனில் கணக்கு எழுதிப் பிழைத்து ஓய்வு பெற்றவன். 2005-ல் இந்த அணி மாண்ட்ரியாலில் இருந்து வாஷிங்டனுக்குக் குடிவந்த நாள் முதல் பார்த்து வருகிறேன், அவ்வளவுதான் தகுதி.

மாப்பிள்ளை வாஷிங்டனில் வேலை பார்க்கிறார். ஜூலையில் போய் இறங்கினோம். சாப்பிடும்போதுகூட போனைப் பார்த்து, "புல்பென் சரியில்ல மாமா" என்று தலையில் அடித்துக்கொள்கிறார். அது என்ன, மாட்டுக் கொட்டகையா?
– ஆர்.வி., ஸ்ரீரங்கம்

சொல்லுக்கு அர்த்தம் மாட்டுப் பட்டிதான். ஏன் அந்தப் பெயர் என்பதற்கு ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறார்கள், விட்டுவிடுவோம். மைதான ஓரத்தில் வேலிக்குப் பின்னால் மாற்று பிட்சர்கள், அதாவது பந்து வீசுபவர்கள், காத்திருக்கும் இடம் அது. ஆட்டம் ஒன்பது இன்னிங்ஸ், அதாவது 27 பேரை அவுட் ஆக்க வேண்டும். முதலில் வீச வருகிற ஸ்டார்ட்டர் ஐந்தாறு இன்னிங்ஸ் தாக்குப்பிடிப்பார். கை ஓய்ந்ததும், ஆட்டத்தை நடத்தும் மேனேஜர் புல்பென்னுக்குப் போன் போடுவார். செல்போன் இல்லை, சுவரில் மாட்டிய கம்பி போன். அந்த மணி அடித்ததும் ஒருவர் எழுந்து பத்துப் பதினைந்து பந்து வீசிக் கையைச் சூடாக்கிக்கொண்டு, கதவைத் திறந்து ஓடி வருவார். இவர்கள் ரிலீவர்கள். கடைசி இன்னிங்ஸை முடித்து வைப்பவர் க்ளோசர்.

ஒன்றைக் கவனியுங்கள். வெளியே எடுத்த பிட்சரைத் திரும்ப உள்ளே கொண்டுவர முடியாது. தப்பான ஆளைக் கூப்பிட்டால் கூப்பிட்டதுதான்.

கல்யாணத்தில் முதல் இரண்டு பந்தி அமர்க்களமாக நடந்து, மூன்றாவது பந்தியில் சாம்பார் தீர்ந்துபோனால் ஊர் எந்தப் பந்தியைப் பேசும்? உங்கள் மாப்பிள்ளையின் துக்கம் அதுதான். அவரிடம் கொஞ்சம் பரிவாக இருங்கள்.

ஒரு புல்பென் எவ்வளவு மோசமாக இருக்க முடியும்?
– கே.எம்., ஈரோடு

கணக்கு எழுதியவனிடம் சரியான கேள்வி கேட்டீர்கள். பிட்சரை அளக்க இ.ஆர்.ஏ. என்று ஒரு எண் உண்டு. அவர் பொறுப்பில் விழுந்த ரன்களை ஒன்பதால் பெருக்கி, வீசிய இன்னிங்ஸால் வகுக்க வேண்டும். மூன்றுக்குள் இருந்தால் பிரமாதம், ஐந்தைத் தாண்டினால் வேலைக்கு ஆபத்து.

2019-ல் நேஷனல்ஸ் அணி டிரெவர் ரோசன்தால் என்பவரை எடுத்தது. செயின்ட் லூயிஸ் அணியில் க்ளோசராகக் கொடிகட்டிப் பறந்தவர், முழங்கை அறுவைக்குப் பிறகு திரும்பி வந்திருந்தார். மணிக்கு 160 கிலோமீட்டர் வேகம். ஆனால் முதல் நான்கு ஆட்டங்களில் அவரால் ஒருவரைக்கூட அவுட் ஆக்க முடியவில்லை. ரன் விழுகிறது, வீசிய இன்னிங்ஸோ பூஜ்யம். பூஜ்யத்தால் வகுத்தால் என்ன வரும்? முடிவிலி. நாற்பது வருடம் பேரேடு பார்த்தவன் நான், ஒரு மனிதனின் பெயருக்கு எதிரே முடிவிலி நின்றதை அந்த ஏப்ரலில்தான் பார்த்தேன். முதல் அவுட் விழுந்தபோது எனக்கே கண் கலங்கியது. ஜூனில் அவரை விடுவித்துவிட்டார்கள்.

அவர் ஒருவர் என்றில்லை, பட்டியே அப்படித்தான் இருந்தது. மே தொடக்கத்தில் பிட்சிங் பயிற்சியாளர் டெரெக் லில்லிக்விஸ்டை வீட்டுக்கு அனுப்பினார்கள். மே 23-ல் கணக்கு 19 வெற்றி, 31 தோல்வி. அந்த சீசன் முழுவதற்கும் நேஷனல்ஸ் புல்பென்னின் இ.ஆர்.ஏ. 5.66.

டிரேட் டெட்லைன் என்கிறார்களே, அது என்ன? ஏன் ஜூலை கடைசியில்?
– ஒரு கல்லூரி மாணவி, கோவை

சீசனுக்கு 162 ஆட்டம். ஜூலை முடிவதற்குள் மூன்றில் இரண்டு பங்கு ஓடிவிடும், யாருக்குக் கோப்பை வாய்ப்பு, யாருக்கு இல்லை என்பது ஏறக்குறையத் தெரிந்துவிடும். வாய்ப்பு இல்லாதவர்கள் இருக்கிற நல்ல ஆட்களை விற்று, எதிர்காலத்துக்கு மைனர் லீக் என்ற கீழ்மட்டப் போட்டிகளில் ஆடும் பையன்களை வாங்கிக்கொள்வார்கள். வாய்ப்பு உள்ளவர்கள் பையன்களைக் கொடுத்துவிட்டு இன்றைக்கு வேண்டியவரை வாங்குவார்கள். அந்தப் பண்டமாற்றுக்கு வைத்த கெடுதான் டெட்லைன். முன்பெல்லாம் கெடு முடிந்தாலும் ஆகஸ்டில் கொல்லைப்புற வழி ஒன்று இருந்தது. 2019-ல் அதையும் அடைத்துவிட்டார்கள்.

கெடு நெருங்கினால் எல்லாரும் தேடுவது ரிலீவரைத்தான். தீபாவளிக்கு முந்தின நாள் ரங்கநாதன் தெருவுக்குள் நுழைந்தவன் நிலைமைதான், பேரம் பேச நேரம் இருக்காது.

அந்த மோசமான நேஷனல்ஸ் 2019 கெடுவில் என்ன செய்தார்கள்?
– எஸ்.பி., ஷார்ஜா

அணிக்கு ஆள் எடுக்கும் ஜெனரல் மேனேஜர் மைக் ரிஸ்ஸோ கடைசி நாளில் மூன்று பேரை வாங்கினார். மூன்றும் கடைத்தெருவில் கழித்த சரக்கு மாதிரிதான் எனக்குத் தோன்றியது. சம்பளப் பட்டியல் 20 கோடியே 60 லட்சம் டாலரைத் தாண்டினால் அபராத வரி. அதற்குள் அடங்க வேண்டும் என்ற கவலை அவருக்கு.

சியாட்டிலில் இருந்து ரோயினிஸ் எலியாஸ், ஹன்டர் ஸ்ட்ரிக்லண்ட். டொரான்டோவில் இருந்து டேனியல் ஹட்சன்.

எலியாஸ் கதையைக் கேளுங்கள். நேஷனல்ஸ் ஆடும் நேஷனல் லீகில் அப்போது பிட்சர்களும் மட்டை பிடிக்க வேண்டும். வந்து இரண்டு நாள்கூட ஆகவில்லை. "நீ அடிக்கவே வேண்டாம், சும்மா நின்றுவிட்டு வா" என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். மனுஷனுக்கு ஆசை விடவில்லை. அடித்தார், ஓடினார், தொடைத் தசை பிடித்துக்கொண்டது. அந்த சீசனில் நேஷனல்ஸுக்காக அவர் வீசியது மொத்தம் மூன்று இன்னிங்ஸ்.

ஸ்ட்ரிக்லண்ட் ஜிம்மில் பளு தூக்கும்போது கம்பி முகத்தில் விழுந்து மூக்கு உடைந்தது. மைதானத்தில் இல்லை, ஜிம்மில்!

மிச்சம் ஹட்சன். வயது 32. முழங்கையில் அடுத்தடுத்து இரண்டு பெரிய அறுவை நடந்தவர். அந்த வருடம் மார்ச்சில்தான் ஏஞ்சல்ஸ் அணி வேண்டாம் என்று கழற்றிவிட்டிருந்தது. அவருக்காக டொரான்டோவுக்குக் கொடுத்தது ஒரே ஒரு மைனர் லீக் பிட்சரை. ஹட்சன் வந்து 24 ஆட்டம் வீசினார், இ.ஆர்.ஏ. 1.44. ரிஸ்ஸோவின் திறமை என்கிறார்கள். இருக்கலாம். மூக்கு உடைந்தது ஹட்சனுக்காக இருந்து, ஸ்ட்ரிக்லண்ட் நன்றாக வீசியிருந்தால் அதையும் திறமை என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

மைதானத்துக்கு நேரில் போவீர்களா? மறக்க முடியாத ஆட்டம்?
– என்.ஜே., தூத்துக்குடி

இதை எழுதினால் வீட்டில் பழைய சண்டை கிளம்பும். பரவாயில்லை.

2019 செப்டம்பர் 3, செவ்வாய்க்கிழமை இரவு. எதிரணி நியூயார்க் மெட்ஸ். எட்டாவதில் நம் ஹுவான் சோட்டோ பந்தை வேலிக்கு வெளியே அடித்து, அதாவது ஒரு ஹோம் ரன் அடித்து, 5–4 என்று நெருங்க வைத்தார். இன்னும் ஒரு ரன்தான் என்று எல்லாரும் எழுந்து நின்றோம். ஒன்பதாவதில் நம் புல்பென் கதவு திறந்தது. மெட்ஸ் ஐந்து ரன் அடித்தார்கள். 10–4.

எனக்கு மெட்ரோ கவலை. நேவி யார்டில் ஏறி லான்ஃபான்ட் பிளாசாவில் மாற வேண்டும், ஆட்டம் முடிந்து எல்லாரும் ஒன்றாக வந்தால் நடைமேடையில் நிற்க இடம் இருக்காது. "எழுந்திரு, போகலாம்" என்றேன். "இன்னும் மூணு அவுட் இருக்குல்ல, உக்காருங்க" என்றாள் மனைவி. "பத்துக்கு நாலு. இனிமே என்ன இருக்கு?" என்று அவள் கையில் இருந்த வேர்க்கடலைப் பொட்டலத்தை வாங்கி மடித்துப் பையில் வைத்தேன். மடித்து வைத்த அந்தச் செய்கையைத்தான் இன்றுவரை சொல்லிக்காட்டுகிறாள், கிளம்பியதைக்கூட இல்லை.

நிலையத்தின் எஸ்கலேட்டருக்குப் பக்கத்தில் நிற்கும்போது முதல் இரைச்சல். ஏதோ ஒரு ரன் என்றேன். இன்னொரு இரைச்சல். அவள் நின்றுவிட்டாள். எங்களைப் போலவே ஓடிவந்தவர்கள் ஏழெட்டுப் பேர் போனைச் சுற்றி நின்றார்கள். 10–6. ரயன் சிம்மர்மேன் அடித்து இரண்டு பேர் வந்தார்கள், 10–8. மெட்ஸ் க்ளோசர் எட்வின் டியாஸ் வீசுகிறார். முந்தின டிசம்பரில் சியாட்டிலில் இருந்து பெரும் விலை கொடுத்துக் கொண்டுவந்த ஆள். மட்டையில் கர்ட் சுசுகி, களத்தில் இரண்டு பேர். போனில் படம் சில நொடி தாமதம். அதனால் மைதானம் வெடித்த சத்தம் முதலில் காதில் விழுந்தது, பந்து வேலியைத் தாண்டியதை அதற்கப்புறம்தான் பார்த்தோம். 11–10, ஜெயித்தது நேஷனல்ஸ்.

மெட்ரோவில் உட்கார இடம் கிடைத்தது. பென்டகன் சிட்டி வரைக்கும் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

நான் மெட்ஸ் ரசிகன். 2025 கெடுவில் ரிலீவர் ரயன் ஹெல்ஸ்லியை வாங்கினார்கள். ஏதாவது ஆறுதல் சொல்லுங்கள்.
– பெயர் வேண்டாம், நியூ ஜெர்சி

செயின்ட் லூயிஸில் 3.00 என்றிருந்த இ.ஆர்.ஏ. உங்களிடம் வந்து 7.20 ஆனது. அணி 83–79 முடித்து, சின்சினாட்டியோடு சமமாக நின்றும் கடைசி நாளில் வெளியேறியது. ஆறுதல் எங்கே இருந்து கொண்டுவர? மேலே செப்டம்பர் 3 பதிலை நீங்கள் படிக்காமல் தாண்டியிருந்தால் நல்லது.

மூன்று மாத உபயோகத்துக்கு ஒரு கிழவரை வாங்கி, இருபது வயதுப் பையனை விற்பது நியாயமா?
– டி.எல்., சேலம்

கிழவர் என்று எழுதியிருக்கிறீர்கள், ரிலீவர்கள் படித்தால் வருத்தப்படுவார்கள்.

இதில் எல்லாரும் சொல்லும் உதாரணம் பாஸ்டன். 1990 ஆகஸ்ட் 30, மேலே சொன்ன கொல்லைப்புற வழி திறந்திருந்த காலம். பாஸ்டன் ரெட் சாக்ஸ் 37 வயது ரிலீவர் லாரி ஆண்டர்சனை ஹூஸ்டனிடம் வாங்கியது. அவர் அங்கே வீசியது 22 இன்னிங்ஸ். நன்றாகவே வீசினார், குறை சொல்ல முடியாது. ஆனால் ப்ளேஆஃபில் ஓக்லண்டிடம் நான்குக்கு நான்கும் தோற்றார்கள், அவரும் வேறு அணிக்குப் போய்விட்டார். விற்ற பையன் பெயர் ஜெஃப் பேக்வெல். பாஸ்டனிலேயே பிறந்தவன். ஹூஸ்டனில் 15 வருடம், 449 ஹோம் ரன், 2017-ல் பேஸ்பால் ஜாம்பவான்களுக்கான கூப்பர்ஸ்டவுன் ஹால் ஆஃப் ஃபேம்.

ஏழு வருடம் கழித்து பாஸ்டன் அதே பாடத்தை அடுத்தவனுக்கு எடுத்தது. 1997 ஜூலை 31-ல் ஹீத்க்ளிஃப் ஸ்லோகம் என்ற ரிலீவரை சியாட்டில் தலையில் கட்டி, ஜேசன் வாரிடெக், டெரெக் லோ என்று இரண்டு பேரை வாங்கிக்கொண்டார்கள். 2004-ல் 86 வருடம் கழித்து பாஸ்டன் கோப்பை வென்றபோது இருவரும் அந்த அணியில் இருந்தார்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, சிகாகோ கப்ஸ் 2016-ல் செய்ததைச் சரி என்றுதான் சொல்வேன். 19 வயது க்ளேபர் டோரஸ் உட்பட நான்கு பேரைக் கொடுத்து யாங்கீஸிடம் க்ளோசர் அரோல்டிஸ் சாப்மனை வாங்கினார்கள். சீசன் முடிந்ததும் அவர் யாங்கீஸுக்கே திரும்பிவிட்டார். டோரஸ் ஆல் ஸ்டார் ஆனான். ஆனால் 108 வருடம் கோப்பை இல்லாத ஊர் அது. அங்கே போய் ஒரு பாட்டியிடம் டோரஸ் போய்விட்டானே என்று சொல்லிப் பாருங்கள். இத்தனைக்கும் கடைசி ஆட்டத்தின் எட்டாவது இன்னிங்ஸில் அந்தச் சாப்மனே ஹோம் ரன் கொடுத்து எல்லார் வயிற்றிலும் புளியைக் கரைத்தார்.

குழந்தை பிறக்கிறது என்று முக்கியமான ஆட்டத்தை விட்டுப் போகலாமா? ஹட்சன் போனாராமே?
– வி., நாகர்கோவில்

போனார். 2019 அக்டோபர் 11, நேஷனல் லீக் இறுதிச் சுற்றின் முதல் ஆட்டம். அன்றுதான் அவருடைய மூன்றாவது மகள் பிறந்தாள். பொதுவெளியில் திட்டியவர்களும் உண்டு. அவர் இல்லாமலே நேஷனல்ஸ் 2–0 வென்றது, மறுநாள் திரும்பி வந்து இரண்டாவது ஆட்டத்தையும் முடித்துக் கொடுத்தார். தோற்றிருந்தாலும் என் பதில் இதுதான்: போகலாம். என் மூத்தவன் பிறந்தபோது நான் ஆண்டுக் கணக்கு முடிக்கிறேன் என்று அலுவலகத்தில் இருந்தேன். எந்த வருடத்துக் கணக்கு என்று இப்போது ஞாபகம் இல்லை. பிரசவ அறையில் நான் இல்லாதது மனைவிக்கு ஞாபகம் இருக்கிறது.

சரி, 5.66 புல்பென்னை வைத்துக்கொண்டு எப்படித்தான் கோப்பை வென்றார்கள்?
– ஜி.கே., பெங்களூரு

புல்பென் கதவை முடிந்தவரை திறக்காமல். அக்டோபரில் ஆட்டங்களுக்கு நடுவே ஓய்வு நாள் உண்டு, ஸ்டார்ட்டர்களையே ரிலீவராக அனுப்பலாம். மேனேஜர் டேவ் மார்ட்டினெஸ் தயங்கவே இல்லை. மில்வாக்கியோடு நடந்த முதல் சுற்றில் ஸ்டீவன் ஸ்ட்ராஸ்பர்க் வாழ்க்கையில் முதல் முறையாக ரிலீவராக வந்து மூன்று இன்னிங்ஸ் வீசினார்.

அக்டோபர் 30, ஹூஸ்டன், கோப்பைக்கான கடைசித் தொடரின் ஏழாவது ஆட்டம். மூன்று நாள் முன்பு கழுத்தைத் திருப்ப முடியாமல் ஆட்டத்தைத் தவறவிட்ட மேக்ஸ் ஷெர்சர் ஐந்து இன்னிங்ஸ் இழுத்தார். 0–2 பின்தங்கல். ஆறு, ஏழு, எட்டு மூன்றையும் இன்னொரு ஸ்டார்ட்டர் பேட்ரிக் கார்பின் வீசினார், ஒரு ரன் கிடையாது. நடுவே ஏழாவதில் ஹோவி கென்ட்ரிக் அடித்த பந்து வலது பக்கக் கம்பத்தில் மோதி ஹோம் ரன் ஆகி முன்னிலை கொடுத்தது. ஹூஸ்டன் புல்பென்னில் அவர்களுடைய பெரிய ஸ்டார்ட்டர் கெரிட் கோல் இருந்தார். கடைசிவரை அவரை அழைக்கவில்லை, அந்த ஊரில் அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை.

6–2. ஒன்பதாவதுக்கு ஹட்சன். மனைவி சோபாவில், நான் நின்றுகொண்டு. கடைசி ஆள் மைக்கேல் பிராண்ட்லி மட்டையைச் சுழற்றித் தவறவிட்டதும் ஹட்சன் கையுறையைக் கழற்றித் தூர வீசி எறிந்தார். அன்றைக்கு நான் வேர்க்கடலைப் பக்கமே கையை நீட்டவில்லை.