தெளிந்த நீரில் கரைந்திருப்பது

கேள்வி: ஒரத்துப்பாளையம் அணை நீர் தெளிவாக இருந்த நாள்களிலும் பாசனத்துக்கு ஆகாது என்றார்களே, எதை வைத்து அப்படிச் சொன்னார்கள்? (வாசகர், ஈரோடு மாவட்டம்)

பதில்: உப்பை வைத்துத்தான். சாயம் துணியில் ஏறுவதற்காகத் திருப்பூர்ப் பட்டறைகளில் சேர்க்கப்பட்ட உப்பு, கழிவில் நிறம் நீக்கப்பட்ட பிறகும் கரைந்தே இருந்து, நொய்யல் ஆற்றின் வழியாக வந்து அணையில் தேங்கியது. உப்பு கூடினால் நீரில் மின்சாரம் எளிதாகப் பாயும் என்பதால், கண்ணுக்குத் தெரியாத இந்த உப்பை மின்கடத்துத்திறன் மானி காட்டிவிடும். அதன் முனையை நீரில் அமிழ்த்திய சில நொடிகளில் வரும் எண்ணிலிருந்து, கரைந்துள்ள திடப்பொருள்களின் அளவைக் கணிக்கலாம். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் அது லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு நீராதாரம் இல்லையென்றால் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம்.

பலரும் முதலில் கேட்கும் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை (நீரிலுள்ள அழுகும் கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன் அளவு; காற்றுக்குமிழி இல்லாமல் நிரப்பிய புட்டியை 27 டிகிரி செல்சியஸில் 3 நாள் வைத்துக் கணக்கிடுவது) சாக்கடைக் கலப்பை அறிய உதவுமே தவிர, உப்பைக் காட்டாது. அந்த எண் நன்றாக இருக்கிறதென்று நிம்மதி அடைவது என் பார்வையில் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதுதான். பாசனத்துக்கு, கால்சியம், மெக்னீசியத்தோடு ஒப்பிடுகையில் சோடியம் எவ்வளவு என்பதையும் பார்க்க வேண்டும், ஏனெனில் சோடியம் மிகுந்தால் களிமண் இறுகி, விட்ட தண்ணீர் வேருக்கு இறங்காமல் வயலின் மேலேயே நின்றுவிடும்.